இருபத்தொன்றாவது ஆள்

அத்தியாயம் 17

மேசை மேலிருந்த பேனா தாங்கியில் நாலு பேனா, ஒரு ஸ்கேல், ஒரு மஞ்சள் நிற டூத் பிரஷ்.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த பிரஷ்ஷை ஒருமுறை பார்ப்பார்கள், உடனே கூரையைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் அந்தப் பக்கமே திரும்பமாட்டார்கள். அதன் கதை தொகுதிக்கே தெரியும். போன வாரம் படிக்காதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அந்த எம்.எல்.ஏ.வுக்குச் சின்னவள் என்று பெயர். கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன வருடம், மனநல மருத்துவமனையில் நாற்பது நாள் படுத்திருந்தாள். அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். “எழுந்து பல் தேய்க்கக்கூடத் தெம்பில்லை. குழாயைத் திறந்தால் அழுகை வருகிறது. என்னால் இனி ஒரு வேலையும் முடியாது. வந்து என்னைக் கூட்டிப் போ.” யாரும் கூட்டிப் போக வரவில்லை. தானே எழுந்து, தானே பல் தேய்த்து, தானே வெளியே வந்தாள். இரண்டு வருடம் கழித்துத் தேர்தலில் நின்றாள்.

அந்தத் தேர்தலின் கடைசிக் கூட்டத்தில், எதிர்க்கட்சி மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, அந்தக் கடிதத்தைப் படித்தவன் அவளுடைய அண்ணன், பெரியவன். “பல் தேய்க்கத் தெம்பில்லாதவளுக்கா உங்க ஓட்டு?” என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. மறுநாள் அவள் போன தெருவெல்லாம் ஜன்னல் வழியே டூத் பிரஷ்ஷை ஆட்டினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள். ஒருவன் அவள் காருக்குள் எறிந்த மஞ்சள் பிரஷ்ஷை எடுத்துவந்து பேனா தாங்கியில் செருகினாள்.

ஒன்பது வருடம் ஆகிறது. அடுத்த தேர்தலில் ஜெயித்தாள். பிரஷ் மட்டும் இடம் மாறவில்லை.

“மேடம், மணி பத்து. அஞ்சுக்குள்ள பட்டியல் போயாகணும்” என்றார் கோப்பு.

கோப்பு என்பது அவளுடைய உதவியாளருக்கு ஊர் வைத்த பெயர். குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அவர் கையில் ஒரு கோப்பு இருக்கும். குளிக்கும்போதும் வாசலில் வைத்துவிட்டுத்தான் போவார் என்று வீட்டம்மா சொல்வாள்.

பட்டியல் என்றால் பட்ஜெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு உறுப்பினரும் நிதியமைச்சருக்குத் தரும் முன்னுரிமைப் பட்டியல். ஒரே ஒரு தாள், அதில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் எழுதியது நிச்சயம் நடக்கும். இரண்டாவது, அமைச்சருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் இருந்தால் நடக்கும். மீதி மூன்றும் அழகுக்கு.

முதல் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது: முதியோர் இல்லங்களைச் சோதிக்கப் புதிதாக நாற்பது ஆய்வாளர்கள்.

போன மாதம் அவள் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டத்துக்காக அவர்கள். இருபது பேருக்கு மேல் தங்கும் முதியோர் இல்லத்தில் லிஃப்ட் வேண்டும், இரண்டாவது படிக்கட்டு வேண்டும், இரவு பகல் நர்ஸ் வேண்டும். இல்லையென்றால் மூடவேண்டும். இருபது பேர் வரைக்கும் விலக்கு. இல்லத்தை நடத்துகிறவரின் உறவினர் கணக்கில் சேரமாட்டார். எல்லாரும் எல்லாரையும் பெரியப்பா, அத்தை என்று சொல்லித் தப்பித்துவிடக் கூடாதே என்று அதற்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். இவர் உறவினர்தான் என்று வீட்டு ஆள் இன்னொருவர் ஆய்வாளர் முன்னால் நேரில் வந்து சொல்லவேண்டும். பொய் சொன்னால் பதினான்காம் பிரிவு. சொன்னவர் பொதுப் பதவியில் இருந்தால் அந்தப் பதவியே போகும்.

பதினான்காம் பிரிவை அவள் வாசித்தபோது சபையில் மேசைகளைத் தட்டித் தீர்த்தார்கள். எப்பேர்ப்பட்ட நேர்மை என்று பத்திரிகைகள் எழுதின. ஊரில் யார் எத்தனை பேரை வைத்து முதியோர் இல்லம் நடத்துகிறார்கள் என்று ஒரு பத்திரிகையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால், மாடி வைத்த பழைய கட்டடத்தில், லிஃப்ட் வைக்க ஒரு முழம் இடமில்லாமல், இருபத்தொரு பேரோடு இல்லம் நடத்துகிறவர் மாண்புமிகு உறுப்பினரின் உடன்பிறந்த அண்ணன் என்று தெரிந்திருக்கும். அந்த இருபத்தொரு பேரில் ஏழாவது கட்டில்காரி அவளுடைய அம்மா.

“சட்டம் நல்ல சட்டம் மேடம்” என்றார் கோப்பு. “ஆனா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து ஜனங்க வெளியில உக்காந்திருக்காங்க.”

“எத்தனை பேரு?”

“பெஞ்சு நிறைஞ்சு போச்சு.”

உள்ளே வந்தவர்களுக்கு முன்னால் நின்றவள் ஒரு தையல்காரி. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“போன தேர்தல்ல எங்க வீட்டு வாசல்ல நின்னு சொன்னீங்க, ஜெயிச்சா முதல் வேலை தண்டவாளத்துக்கு மேல நடைபாலம்னு. ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“மறக்கலை. பட்டியல்ல இருக்கு.”

தையல்காரியின் கண் மேசைக்குப் போனது. அங்கே நாளைக்கு வீடு வீடாகப் போகவேண்டிய துண்டறிக்கையின் மாதிரி கிடந்தது. ஒரு பக்கம் ‘பட்ஜெட் முன்னுரிமைகள்’, மறுபக்கம் ‘நிறைவேற்றிய சட்டங்கள்’, நடுவில் யாரோ ஒரு வயதான அம்மாவைக் கட்டிப்பிடித்தபடி உறுப்பினரின் படம். துணியைத் தலைகீழாகப் பார்த்தே தையல் கண்டுபிடிக்கிறவளுக்குத் தாளைத் தலைகீழாகப் படிப்பது ஒரு பெரிய காரியமா?

“ரெண்டாவதா போட்டிருக்கீங்க.”

“ரெண்டாவதும் முக்கியம்தாம்மா.”

“எந்த வீட்டுலயாவது ரெண்டாவது பிள்ளைகிட்ட போய் இதைச் சொல்லிப் பாருங்க.”

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அவள் இரண்டாவது பிள்ளை. ஆனாலும் பட்டியலை மாற்றவில்லை. பாலம் பத்து வருடம் காத்திருந்தது, இன்னும் ஒரு வருடம் காத்திருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவளுக்குக் கூச்சமாக இல்லை. ஆய்வாளர்கள் இல்லாவிட்டால் சட்டம் அலமாரியில் தூங்கும். சட்டம் தூங்கினால் பெரியவனும் நிம்மதியாகத் தூங்குவான். அதை மட்டும் அவளால் தாங்கமுடியாது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. எண்ணைப் பார்த்ததுமே கோப்பு எழுந்து வெளியே போய்விட்டார்.

“நான்தான்” என்றான் பெரியவன். ஒன்பது வருடத்தில் முதல் போன்.

“நான்தான்னா யாரு?”

“அண்ணன்.”

“சொல்லுங்க.”

“இன்ஸ்பெக்ஷன்காரம்மா மூணரைக்கு வர்றாங்களாம். இன்னிக்குக் காலையில யார் யார் இருந்தாங்களோ அதுதான் கணக்காம். இருபது பேரு, அப்புறம் அம்மா. அம்மாவைக் கணக்குல சேர்க்காம இருக்கணும்னா வீட்டு ஆள் ஒருத்தர் வந்து சொல்லணுமாம். லைசென்ஸ் என் பேர்லயும் உங்க அண்ணி பேர்லயும் இருக்கறதால நாங்க சொன்னா செல்லாதாம். வேற யாரு இருக்கா?”

வேறு யாரும் இல்லை. அதைத் தெரிந்துதானே அந்தப் பிரிவை எழுதினாள்!

“ஒரே ஒரு வார்த்தை. ‘ஆமா, எங்க அம்மா’ன்னு சொன்னா போதும்.”

“வர்றேன்” என்றாள். போனை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு பேனா தாங்கியிலிருந்து மஞ்சள் பிரஷ்ஷை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

என்ன சொல்லவேண்டும் என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். ‘சட்டம் கொண்டுவந்தவளே சாட்சியும் சொல்வது முறையாகாது, மன்னிக்கவேண்டும்.’ அவ்வளவுதான். பொய்யில்லை, பதினான்காம் பிரிவு கிட்டவே வராது. அம்மா இருபத்தொன்றாவது ஆளாகிவிடுவாள், இல்லம் மூடும். கேட்கிறவர்கள், சொந்த அண்ணனுக்குக்கூட வளையாதவள் என்று மெச்சிக்கொள்வார்கள். பழியும் தீரும், பெயரும் வரும். இந்த நாளுக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருடம் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு இல்லத்து வாசலில் கார் நின்றது. கோப்பும் கோப்பும் காரிலேயே இருந்தார்கள்.

பெரியவன் வாசலுக்கே வந்துவிட்டான். ஆள் தளர்ந்திருந்தான். கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். இடுப்பில் சாவிக்கொத்து மட்டும் பழையபடி கனத்தது.

“வா.”

“வாங்கன்னு சொல்லுங்க. தொகுதி எம்.எல்.ஏ. வந்திருக்கேன்.”

அவன் முகம் சுருங்கியது. “வாங்க.”

கீழ்க் கூடத்தில் இரண்டு வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் எழுதியிருந்தது. விரிப்புகள் சுத்தம், தரை சுத்தம், ஜன்னல் கம்பியில்கூடத் தூசி இல்லை. எங்காவது அழுக்குக் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே நடந்தவளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஏழாம் எண் கட்டிலில் முன்பின் தெரியாத ஒரு முதியவர் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அம்மா எங்கே?”

“மாடியில. சட்டம் வந்த மறுநாளே மாத்திட்டேன். பதிவேட்டுல பேரும் எடுத்தாச்சு. வீட்டு ஆள் வீட்டு ரூம்ல இருக்கறதுதானே முறை?”

“ஏழாம் கட்டில் காலியானதும் புது ஆளைப் போட்டாச்சு.”

“நடுவுல ஒருத்தர் மகன் வீட்டுக்குப் போயிட்டாரு. வர்றவங்களை வேணாம்னு எப்படிச் சொல்றது?”

அவள் அவனுடைய மேசையருகே போனாள். கைப்பையைத் திறந்து மஞ்சள் பிரஷ்ஷை எடுத்து, திறந்திருந்த பதிவேட்டின் மேல் வைத்தாள். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

“தப்புதான்” என்றான் மெதுவாக. “அன்னிக்கு நான் அப்படிப் படிச்சது தப்பு.”

“மைக் இல்லாம பேச்சு வராதா உங்களுக்கு? இருபது பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

அவன் அவளைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பத்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூடத்தைப் பார்த்துத் திரும்பினான்.

“நான் என் தங்கச்சிக்குப் பெரிய தப்பு பண்ணிட்டேன். அவங்க எழுதின கடிதாசியை ஊர் முன்னாடி படிச்சு அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சுக்கணும்.”

ரேடியோ நின்றது. “என்ன சொல்றாரு?” என்றார் காது மந்தமான ஒருவர்.

“தப்பு பண்ணிட்டாராம்” என்றாள் பக்கத்துக் கட்டில் அம்மா.

“எந்தத் தப்பு?”

“யாருக்குத் தெரியும். ராத்திரி பால்ல தண்ணி ஊத்தறதா இருக்கும்.”

சின்னவளுக்கு உள்ளே குளிர்ந்தது. ஒன்பது வருடமாக எத்தனை முறை இந்தக் காட்சியைக் கற்பனையில் ஓட்டிப் பார்த்திருப்பாள்! கற்பனையில் அவன் அழுவான். இப்போது அழவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. பரவாயில்லை, அழுகை நாற்பது நிமிஷம் கழித்து வரும் என்று எண்ணிக்கொண்டாள்.

போன் அடித்தது. கோப்பு, காரிலிருந்து.

“மேடம், பட்டியலை அனுப்பச் சொல்லி மறுபடியும் கேக்கறாங்க. பாலம் ரெண்டாவதாவே போகட்டுமா?”

“போகட்டும்.”

“தையல்கார அம்மா இன்னும் பெஞ்சுலதான் இருக்காங்களாம்…”

“அனுப்புங்கன்னு சொன்னேன்.”

இருபத்து மூன்று படிகள். செங்குத்தான குறுகல் படிக்கட்டு. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. கதவைத் திறந்ததும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்தான் முதலில் கேட்டது.

அம்மா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். யாரோ வருகிறார்கள் என்று சொல்லியிருப்பான்.

“அம்மா.”

“வந்துட்டியா? உக்காரு. நாற்காலி ஆடும், பார்த்து உக்காரு.”

கடைசியாக எப்போது பார்த்தோம் என்று சின்னவள் யோசித்தாள். போன வருடம் கண் ஆபரேஷனின்போது, ஆஸ்பத்திரியில், பத்து நிமிஷம். அம்மாவுக்காக வருகிறவள், அண்ணன் முகத்தில் விழிக்கக்கூடாதென்று அவன் இல்லாத நேரம் பார்த்து வருவாள். பிறகு அதற்கும் நேரமில்லாமல் போயிற்று.

“கீழ இறங்கறதில்லையா?”

“எங்கே இறங்கறது? முட்டி விடுமா? கீழ எல்லாரும் சேர்ந்து டி.வி. பார்க்கிற சத்தம் கேக்கும். பேரு பதிவேட்டுல இல்லையாம், அதனால ராத்திரி ரவுண்டு வர்ற பொண்ணு இங்கே ஏறி வர்றதில்லை. நான் வீட்டு ஆளாம்.” அம்மா சிரித்தாள். “உன் சட்டம் வந்ததுலேர்ந்து எனக்கு மரியாதை கூடிப்போச்சு.”

சின்னவளின் கைப்பையிலிருந்து துண்டறிக்கை எட்டிப் பார்த்தது. அம்மா அதை உருவி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இது யாரு, நீ கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?”

“தொகுதியில ஒருத்தங்க. பேரு ஞாபகமில்லை.”

“நல்லா இருக்காங்க. என்னைவிட நல்ல கலரு.” தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “சரி, கீழ என்ன சத்தம்? மன்னிப்பு அது இதுன்னு காதுல விழுந்துச்சே?”

சின்னவளால் அடக்கமுடியவில்லை. கீழே நடந்ததைச் சொன்னாள், இனி நடக்கப்போவதையும் சொன்னாள். சாட்சி சொல்லமாட்டேன், இல்லம் மூடும், அவன் தெருவில் நிற்பான், உன்னை நான் கூட்டிப் போய் வைத்துக்கொள்கிறேன், கீழ் வீட்டில், படியே இல்லாமல். சொல்லச் சொல்ல அவள் முகம் சிறுபிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

“உன் பீரோவைத் திறந்து என் கடிதாசியைத் திருடினான்ல? அவன் திறந்து வச்ச இல்லத்தை நான் மூடறேன். சரியாப் போச்சு.”

அம்மா போர்வை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். தொட்டி நிறைந்து தண்ணீர் நின்றது. அறை திடீரென்று அமைதியானது.

“அவன் திருடலை” என்றாள் அம்மா.

“என்ன?”

“பீரோ சாவி அவன்கிட்ட எப்பவும் இருந்ததில்லை. நான்தான் எடுத்துக் குடுத்தேன். மேடையில படின்னு சொன்னதும் நான்தான். அவன் மாட்டேன்னான். ரெண்டு நாள் நச்சரிச்சேன்.”

“ஏன்?”

“நீ ஜெயிச்சா திரும்பி வரமாட்டே. தோத்தா வருவேன்னு நினைச்சேன்.”

“தோத்தேன். வந்தேனா?”

“வரலை.”

“அந்தக் கடிதாசியில கடைசி வரி என்ன? ‘வந்து என்னைக் கூட்டிப் போ’ன்னு எழுதியிருந்தேன். அப்ப வந்தியா நீ?”

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“வரலை. கூப்பிட்டப்ப வராம, ரெண்டு வருஷம் பத்திரமா வச்சிருந்து, மைக்குக்கு அனுப்பி வச்சிருக்கே.” துண்டறிக்கை அவள் கையில் கசங்கியது. “இதை ஏன் இப்பச் சொல்றே? ஒன்பது வருஷமா சொல்லாதவ இன்னிக்கு ஏன் சொல்றே?”

“அவன் தலையில முழுக் கல்லையும் போடப்போறேங்கறியே. பாதி என் தலையில போடு. அதான் நியாயம்.”

நியாயமாம். சின்னவள் ஒன்பது வருடம் ஒருத்தனைக் கறுவிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவன் கையில் கொடுத்தவள் இங்கே நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒன்பது வருடத்தில் அவள் மனசார ‘அம்மா’ என்று நினைத்து ஏங்கிய ஒவ்வொரு முறையும் இப்போது திரும்பி வந்து அவளைக் கேலி செய்தது. ஜன்னலில் டூத் பிரஷ் ஆட்டியவர்களைக்கூட அந்த நிமிஷம் அவளால் மன்னித்துவிட முடியும்போல் இருந்தது. இவளை முடியாது.

படியில் காலடிச் சத்தம்.

ஆய்வாளர் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும், காலில் ஓடுகிற ஷூ, கையில் அட்டையில் செருகிய படிவம். இந்தப் பெரிய பகுதி முழுவதற்கும் அவள் ஒருத்திதான் ஆய்வாளர். பின்னால் பெரியவன் வந்து கதவோரம் நின்றான்.

“வணக்கம் மேடம். உங்க பட்டியல்ல முதல் இடம் எங்க டிபார்ட்மெண்டுக்குன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப நன்றி.” நெற்றி வியர்வையைத் துடைத்தாள். “வர்ற வழியில ரயிலுக்காக இருபது நிமிஷம் நின்னுட்டேன், அதான் லேட்டு. அங்க ஒரு பாலம் இருந்தா எங்களுக்கும் உதவி.”

சின்னவளின் கண் படிவத்தின் மேல் இருந்தது.

“கீழ இருபது பேரு, எண்ணிட்டேன். இவங்க இருபத்தொண்ணு. உறவினர்னு சொல்றாரு.” ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினாள். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார்கிட்டயும் படிச்சுக் காட்டற மாதிரி உங்ககிட்டயும் படிக்கணும். நீங்க எழுதினதுதான்.”

பதினான்காம் பிரிவை அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பொய்யான கூற்று, தண்டனை, பொதுப் பதவி, பதவி இழப்பு. சபையில் மேசை தட்டிய அதே வார்த்தைகள். இந்தச் சின்ன அறையில் யாரும் எதையும் தட்டவில்லை.

“கேள்வி ஒண்ணுதான். இவங்க இந்த இல்லத்தை நடத்தறவருக்கு உறவினரா? உங்களுக்கு இவங்க யாரு?”

பெரியவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உதடு ஒரு வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிக் கொடுத்தது. சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதுபோல.

‘சாட்சி சொல்வது முறையாகாது’ என்ற வாசகம் சின்னவளின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சுத்தமான வாசகம். அதைச் சொன்னால் போதும், அண்ணன் கதை முடிந்தது. ஆனால் அது அண்ணனுக்காகத் தைத்த சட்டை. அம்மாவுக்கு அது போதாது.

அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது” என்றாள். “இங்க தங்கியிருக்கற ஒருத்தங்க. எனக்கு உறவு இல்லை. அவருக்கும் இல்லை.”

பெரியவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். சாவிக்கொத்து கல்லில் மோதிச் சத்தமிட்டது.

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தாள். மகள் மூக்கைப் பார்த்தாள், தாய் மூக்கைப் பார்த்தாள். ஒரே அச்சு. “மேடம், இன்னொரு தடவை கேக்கவா?”

“வேணாம். எழுதிக்கோங்க.”

பேனா ஓடியது. சின்னவளுக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் லேசானது. ஒரே வார்த்தையில் இரண்டு பேர். இதைவிடத் துல்லியமாக அவள் எந்தச் சட்டத்தையும் எழுதியதில்லை. என்ன காரியம் செய்துவிட்டோம் என்கிற நினைப்பு அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது, படியேறி வருகிற வயதானவரைப்போல.

அம்மா அழவில்லை, கத்தவில்லை. ஆய்வாளர் எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

“எழுதிட்டியாம்மா?”

“எழுதிட்டேங்க.”

“கையெழுத்து வாங்கிட்டியா?”

ஆய்வாளர் அட்டையை நீட்ட, சின்னவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டு கோடு இழுத்து அடியில் புள்ளி வைக்கிற, துண்டறிக்கையில் வீடு வீடாகப் போகிற அதே கையெழுத்து.

“சரி. இப்ப இதையும் பார்த்துக்கோ” என்றாள் அம்மா ஆய்வாளரிடம். தலையணைக்கு அடியில் கையை விட்டாள். நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்து, ஓரம் மஞ்சளாகியிருந்தது.

சின்னவளுக்கு அதை அடையாளம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கெஞ்சி வாங்கிய கோடு போட்ட தாள். அடியில் அவளுடைய கையெழுத்து இருக்கும், இப்போது படிவத்தில் போட்ட அதே இரண்டு கோடு, ஒரு புள்ளி. மேடையில் பெரியவன் கடிதம் முழுவதையும் படித்தான், ஒரே ஒரு வரியைத் தவிர. முதல் வரியைப் படித்தால் கூட்டம் இரக்கப்பட்டுவிடும் என்று விட்டுவிட்டான்.

‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்பது அந்த முதல் வரி.

அம்மா தாளைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்த கண்ணால் மகளை நிதானமாகப் பார்த்தாள்.

“மைக் இல்லை, சின்னவளே” என்றாள். “நான் படிக்கட்டுமா, நீயே படிக்கிறியா?”